லிஃப்ட் அறையில் ஒரு கோப்பைப் புகை

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரும்புக் கதவு போட்ட சிறிய அறை ஒன்று இருக்கும். கீழே பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியோர் அறை இருப்பதே தெரியாது. அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி அத்தகைய அறைகளில்தான் கழிந்திருக்கிறது. மோட்டாரின் உறையில் காதை வைத்துக் கேட்டே உள்ளே தேய்ந்திருப்பது எது என்று சொல்லிவிடுவார். அதனால் உடன் வேலை செய்பவர்கள் அவருக்குக் 'காது' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"புருஷனுக்குக் காது, பொண்டாட்டிக்கு மூக்கு. அந்த வீட்டுல ரகசியம் எங்க போய்த் தங்கும்?" என்பாள் என் மனைவி.

மூக்கு என்று அவள் சொன்னதில் வேடிக்கை பாதிதான். என் தங்கை ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மூடி மாறிப்போன குப்பிகளை மோந்தே பிரித்து வைக்கக்கூடியவள். ஆனால் அந்தத் திறமையை அவள் கடையில் கற்றுக்கொள்ளவில்லை. கணவர் குடித்த காலத்தில், தன் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டாள். அவர் படியேறும்போதே கதவிடுக்கு வழியாக வரும் வாசனையை வைத்து, இன்று எவ்வளவு, எப்போது தொடங்கியது, இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்க வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் அவள் கணித்துவிடுவாள். அவர் அடித்ததில்லை, ஏசியதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் சுவரிடமே பொய் சொல்வார். அவ்வளவுதான். அவ்வளவே ஒரு குடும்பத்தை உலர வைக்கப் போதுமானதாக இருந்தது.

அவர் குடியை நிறுத்தியது மருத்துவராலோ என் தங்கையின் கண்ணீராலோ அல்ல. ஒரு காலைப்பொழுதில், முந்தின நாளின் மயக்கம் முழுவதும் தெளியாமல் வேலைக்குப் போயிருக்கிறார். லிஃப்ட் ஓடும் கிணறு போன்ற குழியின் அடியில் ஒருவர் இறங்கித் துப்புரவு செய்ய வேண்டும், மேலே இவர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டாளி குழியின் விளிம்பில் நின்று இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க மேல இருந்தா நான் கீழ இறங்கலைண்ணே" என்று சொல்லித் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல ஆண்டுகள் இவரை நம்பிக் குழியில் இறங்கிய மனிதர் அவர். அன்று மாலை என் மைத்துனர் வெறும் வாயோடு வீட்டுக்கு வந்தார். அதன்பின் ஒரு துளியும் தொடவில்லை. என் தங்கை அப்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "இன்னொரு தடவைன்னு ஒண்ணு இருந்தா, அன்னிக்கு நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்." அதன்பின் நான்கு ஆண்டுகள் ஓடின.

அந்த ஆண்டுகளில் அவர் மாலை நேரத்தில் வீட்டில் பட்ட பாட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. தேநீர் குடிப்பார், உடனே தீர்ந்துவிடும். பழச்சாறு ஊற்றிக் கொடுப்போம், இரண்டே மடக்கில் தம்ளர் காலியாகிவிடும். "பிறந்தநாளுக்கு வந்த சின்னப் பையன் மாதிரி இருக்கு மச்சான்" என்று தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இனிப்பு மட்டுமே இருக்கிற எதையும் மனிதன் மெதுவாகக் குடிக்க மாட்டான் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அவர் யோசித்திருக்கிறார். ஒரு பெரிய ஓட்டலில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, அங்கே பானம் கலக்கும் இளைஞர் மதுவே இல்லாத ஒன்றைச் செய்து கொடுத்தாராம். சுட்ட பழம், ஆறவைத்த கருந்தேநீர், மேலே மரப்புகை. முதல் வாயிலேயே பேச்சு நின்றுவிட்டதாம். புகை நாவைப் பிடித்து நிறுத்தியதால் அடுத்த வாய்க்கு அவசரமே எழவில்லை. ஒரு கோப்பை தீர அரைமணிக்கு மேல் ஆயிற்று. அதை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டார்.

தவறு அதற்கடுத்த முடிவில் நேர்ந்தது. அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: வேலை முடிந்து, சோதித்து, தான் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கும்வரை வேறு எவரையும் ஏற்றக் கூடாது. அதுவரை கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகை தொங்க வேண்டும். அதே விதியை அவர் தம் மனைவி விஷயத்திலும் கடைப்பிடித்தார். பானம் சரியாக வரும்வரை அவளிடம் மூச்சுவிடக் கூடாது என்று, தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் அறையிலேயே, சாவி தம்மிடம் இருக்கிற துணிச்சலில், கடையை விரித்துவிட்டார்.

இவை யாவும் பின்னால் அவரே சொல்லித் தெரிந்தவை. எனக்கு இந்தக் கதை தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், என் தங்கை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தபோதுதான். அவர்கள் வீடு எங்களுடையதற்கு அடுத்த தெருவில்.

"அண்ணி இல்லையா?"

"கடைக்குப் போயிருக்கா. ஏம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"இல்லாததும் நல்லதுதான்." பையிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதிவரை செம்பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது. "ஆயுசு பூரா தண்ணியைச் சோதிச்ச ஆளுதானே நீ? இதுல சரக்கு இருக்கா இல்லையான்னு சொல்லு."

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எதையும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது பழக்கம். பார்த்தேன்.

"எங்க கிடைச்சது இது?"

"லிஃப்ட் ரூம்ல. பத்து நாளா சட்டையில ஒரு வாசனை வருது. கேட்டா மோட்டார் சூடாச்சுங்கறாரு. எந்த மோட்டாரு அன்னாசிப்பழ வாசனை அடிக்கும்? இன்னொரு சாவி காவலாளிகிட்ட இருக்கு. அவர் சாப்பாட்டு டப்பாவை மேல மறந்துட்டாருன்னேன், குடுத்துட்டாரு."

மூடியைத் திறந்து மோந்தேன். அணைந்த அடுப்பின் வாசனையும் அதற்கடியில் பழுத்த பழத்தின் வாசனையும் வந்தன. ஒரு தேக்கரண்டி எடுத்து நாவில் வைத்தேன். முதலில் புகை வந்தது. அது விலகிய இடத்தில் அன்னாசியின் புளிப்பு. கடைசியில் ஆரஞ்சுத்தோலின் மெல்லிய கசப்பு, நெடுநேரம் போகாமல் நின்றது. பாட்டிலையே மறுபடி பார்த்தேன். இத்தனை சிறிய கரண்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வளவு நிகழுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

"இதுல சரக்கு இல்லைம்மா."

"எப்படிச் சொல்றே?"

"நாக்குல எரிச்சலே இல்லையே."

"நீ உன் வாழ்க்கையில எப்பவாவது குடிச்சிருக்கியா?"

"இல்லை."

"அப்புறம் அது எரியுமா, குளுருமான்னு உனக்கு யாரு வந்து சொன்னா?"

பாட்டிலை மூடி வைத்தேன். "கூடத்துல தெரிஞ்சவங்க இருக்காங்க. குடுத்தா நாளைக்கு முடிவு சொல்லிடுவாங்க" என்றேன்.

"நாளைக்கு வரைக்கும் நான் எந்த வீட்டுல இருக்கறது?"

அவள் அதை உரக்கச் சொல்லவில்லை. துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"வெறும் புகையா இருந்தா நான் பேசாம இருந்திருப்பேண்ணா. உள்ள அந்த வாசனை இருக்கு. நீங்க யாரு சொன்னாலும் நான் நம்பமாட்டேன். கதவுக்குப் பின்னாடி நின்னது நான்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

லிஃப்டில் மேலே போனோம். கடைசி மாடியில் இறங்கி, இரும்புப் படி ஏறி, மொட்டைமாடியைக் கடந்தோம். அறைக் கதவில் அந்தப் பலகை தொங்கிற்று. என் தங்கை அதைப் படித்தாள்.

"இப்பதானே அதுல ஏறி வந்தோம்? நல்லாத்தானே ஓடுது? எது பழுது?" என்று கேட்டபடியே கதவைத் தள்ளினாள்.

என் மைத்துனர் உள்ளே ஒரு மின்னடுப்பின் முன் குனிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த இடுக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அறையின் நடுவே மோட்டார். அதன்மேல் பெரிய சக்கரம். அதன் பள்ளங்களில் பதிந்த எஃகுக் கயிறுகள் தரையிலிருந்த துளை வழியாகக் கீழே இறங்கி இருட்டில் மறைந்தன. ஓரத்துப் பலகையில் இரும்புக் கல், வட்டமாக அரிந்த அன்னாசி, ஆரஞ்சு, கறுத்த தேநீர் இருந்த குடுவை, பட்டை, கொய்யாமரச் சீவல், பனிக்கட்டி நிரம்பிய பிளாஸ்க், வாசனைக் குப்பிகள் மூன்று நான்கு. அவ்வளவும் ஸ்பானர்கள் அடுக்கும் ஒழுங்கில் வரிசையாக இருந்தன.

"வாங்க மச்சான்" என்றார், வீட்டு வாசலில் வரவேற்பதுபோல.

"அவரை அப்புறம் கூப்பிடலாம்" என்றாள் என் தங்கை. "இது என்ன?"

அவர் சொன்னார். ஓட்டல், இளைஞர், முதல் வாய், எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். முதலில் பழைய பெட்டி மரத்தை எரித்துத் தார் நாற்றம் அடித்ததையும், மூன்று அன்னாசி கரியாய்ப் போனதையும்கூட மறைக்கவில்லை. "முழுசா வந்தப்புறம் உனக்குக் காட்டலாம்னுதான் இருந்தேன்."

"பத்து நாளா எனக்குக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க. சட்டையில." அவள் சுவரோரமாக இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "சரி. என் கண்ணு முன்னாடி செய்யுங்க."

அவர் செய்தார். அதை நான் பார்த்த விதத்திலேயே எழுதிவிட விரும்புகிறேன்.

அன்னாசி வட்டங்களை எண்ணெய் இல்லாத இரும்புக் கல்லில் போட்டார். தொடவே இல்லை. சீறல் ஓசை மெல்லத் தணிந்து வேறு சுருதிக்கு மாறியதும் திருப்பினார். அடிப்பக்கம் கரியாகாமல் ஆழ்ந்த பழுப்பாக இருந்தது. காதால் சமைக்கும் மனிதரை அன்றுதான் கண்டேன். சுட்ட பழத்தை நசுக்கி வடித்து, ஆறிய தேநீரோடு சேர்த்து, ஆரஞ்சுச் சாறும் அதன் தோல் துருவலும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டார். பின் எஃகுத் தட்டில் மரச்சீவலும் பட்டையும் வைத்துப் பற்றவைத்து, சுடர் பிடித்ததும் ஊதி அணைத்து, பனிக்கட்டியில் குளிரவைத்த கண்ணாடிக் கோப்பையை அதன்மேல் கவிழ்த்தார்.

கோப்பை வெள்ளையாயிற்று. உள்ளே புகை எழும்பி, அடிக்கண்ணாடியில் மோதி, சுவரோரமாகச் சரிந்து, மறுபடி எழும்பியது. மேற்குச் சன்னலின் வெயில் அதில் விழுந்தபோது புகைக்குள் இழைகள் தெரிந்தன. அந்த நேரம் கீழே எவரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். சக்கரம் தானாகச் சுழலத் தொடங்கிற்று, கயிறுகள் சரசரவென்று ஓடின. எங்கோ ஒரு குடும்பம் காய்கறிப் பையோடு மேலேறிக்கொண்டிருக்கும். இங்கே கோப்பைக்குள் புகை சுழல்கிறது. மூவரில் ஒருவரும் அசையவில்லை.

சக்கரம் நின்றது. அவர் கோப்பையை நிமிர்த்தினார். புகை மேலே போகவில்லை. விளிம்பைத் தாண்டி, நீரைப் போலவே வழிந்து, அவர் விரல்கள்மீது இறங்கி, பலகையில் பரவியது. நீரோடு வாழ்நாள் முழுதும் பழகிய எனக்குக் காற்று இப்படி ஒழுகும் என்று தெரியாது. தட்டில் மிஞ்சிய தணலை அணைத்தேன், அதைக்கூட யாரும் சொல்லாமல் செய்தேன், ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்ததால்.

பனிக்கட்டி இட்டு, பானத்தை ஊற்றி, குப்பி ஒன்றிலிருந்து சில சொட்டு விட்டு, மனைவியிடம் நீட்டினார். அவள் குடிக்கவில்லை. மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

"அது இருக்கு."

"சத்தியமா இல்லை. நீதான் எல்லாத்தையும் பாத்தியே? பழம், தேநீர், புகை. இதுல எங்கேருந்து வரும்?"

அவள் எழுந்து பலகையருகே போனாள். பழத்தை மோந்தாள், வைத்தாள். தேநீரை மோந்தாள், வைத்தாள். குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்றாவதில் நின்றாள். அது கேக்கிற்கு விடும் வெனிலா எசன்ஸ்.

"இதை எதுக்கு விட்டீங்க?"

"அது இல்லாட்டி அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. மரப்பீப்பாய் வாசனை வரணும்னு..."

"அந்த வாசனைதான் கதவிடுக்குல வரும்" என்றாள். "இது எதுல கரைச்சிருக்குன்னு தெரியுமா? எங்க கடையிலயும் இந்த மாதிரிக் குப்பிங்க வருது. பாதி ஸ்பிரிட்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்ல என்னால் இயலவில்லை.

"ஆமா மாப்பிள்ளை. பெரும்பாலும் சாராயத்துலதான் கரைப்பாங்க. ஆனா நீங்க விட்டது நாலு சொட்டு. நல்லாக் கனிஞ்ச பழத்துலயே அதுக்கு மேல..."

"கணக்கு வேணாம் மச்சான்."

இடுக்கி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவரும் தரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார். "இத்தனை நாளும். தினமும்."

நான் என் தங்கையைப் பார்த்தேன். ஒரு துளி மதுவையும் நாவில் அறியாத பெண். இனிப்புக்கும் புளிப்புக்கும் கசப்புக்கும் புகைக்கும் அடியில், சாராயத்தின் அந்த நிழலைப் பிரித்து எடுத்துவிட்டாள். எங்கள் கூடத்துக் கருவிகள்மீது எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. அவற்றுக்கு இவ்வளவு வலித்துக் கற்க வேண்டிய தேவை வந்ததில்லை.

வென்றவளின் முகம் அவளிடம் இல்லை. பொய் சொல்லப்போகும் ஒருவரோடு சண்டை போடத் தயாராக வந்தவள் அவள். அதற்கு மாறாகத் தன்மீதே தீர்ப்பெழுதிவிட்ட ஒருவர் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"அதுல ஸ்பிரிட் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியுது." அவர் பக்கம் குனிந்தாள். "பொய் சொல்றப்போ நீங்க சுவத்தைப் பாப்பீங்க. இப்ப என்னைத்தான் பாக்கறீங்க."

"அதனால ஆனது இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா தெரியாம மிதிச்சவரையும் தேடிப் போய் மிதிச்சவரையும் நான் ஒண்ணா வைக்கமாட்டேன். என்னை அவ்வளவு விவரம் கெட்டவள்னு நினைச்சீங்களா?" குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய், மழைநீர்க் குழாயில் கவிழ்த்துவிட்டு வந்தாள். கோப்பையில் இருந்ததையும் கொட்டினாள். "எந்திரிங்க. இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கோம், மறுபடி செய்யுங்க."

"அது இல்லாம நல்லா இருக்காது."

"இருக்குமா இருக்காதான்னு நான் சொல்றேன்."

அவர் எழுந்தார். பழம் நறுக்கும்போது நடுத்தண்டை வழக்கம்போல ஒதுக்கினார். அவள் அதை எடுத்து மோந்து, தானே கல்லில் போட்டுச் சுட்டாள்.

"அது கட்டை. ருசியே இருக்காது" என்றார் அவர்.

"உங்க மரப்பீப்பாய்ல மட்டும் என்ன, மாம்பழமா இருந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். தாம் சிரித்ததில் தாமே திடுக்கிட்டவர்போல நிறுத்திக்கொண்டார். கறுக்கச் சுட்ட தண்டைச் சூடான தேநீரில் ஊறவைத்து, பனிக்கட்டியால் ஆற்றினார்கள். இருவரும் ஒரே பலகையின்மேல் குனிந்து, ஒருவர் கை மற்றவர் கையில் இடிபடாமல் வேலை செய்தார்கள். மறுபடி தீ, மறுபடி கவிழ்ந்த கோப்பை, மறுபடி அந்த வெண்மை. வெயில் தாழ்ந்திருந்ததால் இம்முறை புகை பொன்னிறமாக இருந்தது.

அவள் வாங்கி மோந்தாள். நெடுநேரம் மோந்தாள். அவர் மூச்சு விடாமல் நின்றார். மோட்டாரில் காதை வைத்து நிற்கும்போதுகூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார். பிறகு அவள் கோப்பையை உதட்டில் வைத்துக் கொஞ்சம் உறிஞ்சினாள். கணவரின் கோப்பையிலிருந்து அவள் எதையும் குடித்ததை அதுவரை நான் பார்த்ததில்லை.

"நெருப்பு இருக்கு" என்றாள். "பழம் இருக்கு. கட்டையும் இருக்கு." இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். "அது இல்லை."

கோப்பையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பயமா இருக்கு" என்றார்.

"நானே குடிச்சுட்டேன். உங்களுக்கு என்ன பயம்?"

"நாளைக்கும் வேணும்னு தோணும்."

"தோணட்டுமே. கேளுங்க. நான் மோந்து பாத்துத் தர்றேன்."

அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சிறிதளவே குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். அதற்கப்புறம் கோப்பையைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். மூடி சரியாகத்தான் இருந்தது.

உள்ளிருந்து என் தங்கையின் குரல் கேட்டது. "உப்பு கொஞ்சம் கம்மி. நாளையிலேருந்து கீழ, நம்ம வீட்டுலயே செய்யுங்க. புகை வந்தா சன்னலைத் திறந்துவிடலாம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க கேப்பாங்களே?"

"கேட்டா ஒரு கோப்பை குடுங்க."